வயலில் குழாய் பதிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து கேட்கிறார்கள், விடலாமா?

கடைமடை · ஜூலை 12, இரவு 9.10

சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளைப் பக்கம். கான்சாகிப் வாய்க்காலின் கடைசிப் பாசனத்தில் மூன்று காணி வைத்திருக்கிறேன். எனக்கு அப்பால் உப்பனாறு, அதற்கப்பால் பிச்சாவரம், அப்புறம் கடல்தான்.

போன வாரம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சி மாணவி ஒருவரும் உதவிக்கு ஒரு பையனும் வந்தார்கள். பருவநிலை மாறுவதால் கடலோர நிலத்தடி நீருக்கும் நெல்லுக்கும் என்ன ஆபத்து என்று பார்க்கிறார்களாம். வயல் மூலையில் இருபதடிக்கு ஒரு பிவிசி குழாய் இறக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு வாரம் ஒருமுறை நீர்மட்டமும் உப்பும் அளக்க வேண்டும். அளப்பது நான்தான், மீட்டர் அவர்கள் தருவார்கள்.

பெண் மரியாதையாகத்தான் பேசினாள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. சுனாமி வந்த வருடம் மண் அள்ளிக்கொண்டு போனார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஒரு குழு, 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டி நாங்களும் மூழ்கினோமே, அதற்குப் பிறகு ஒரு குழு. எல்லோரும் "முடிவு வந்ததும் சொல்கிறோம் ஐயா" என்று சொல்லித்தான் ஜீப் ஏறினார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. "காபிக்கு வாங்கிய பால் கணக்குதான் நமக்கு மிச்சம்" என்கிறாள் என் மனைவி.

யாராவது இப்படி இடம் கொடுத்துப் பலன் கண்டிருந்தால் சொல்லுங்கள்.


முந்திரித்தோப்பு · ஜூலை 12, இரவு 10.02

விடாதீர்கள் அண்ணே.

நான் பண்ருட்டி. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் எங்களை என்ன செய்தது என்று ஊருக்கே தெரியும். தாத்தா வைத்த பலா ஒன்று விடாமல் வேரோடு சாய்ந்தது. முந்திரித் தோப்பு கோரைப்பாய் விரித்த மாதிரி ஒரே பக்கமாகப் படுத்துவிட்டது. பிறகு இரண்டு மாதம் ஆள் மாற்றி ஆள் வந்து மரத்தை எண்ணினார்கள், வயது கேட்டார்கள், சுற்றளவு கேட்டார்கள், என் அப்பாவின் படிப்பு என்ன என்றுகூடக் கேட்டார்கள். எங்களுக்கு இருந்தது ஒரே கேள்வி. அடுத்த முறை மரம் நிற்க வேண்டுமென்றால் எவ்வளவு இடைவெளி விடுவது, எந்த உயரத்தில் கவாத்து செய்வது? அதை யாரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து விஆர்ஐ 3 முந்திரி ஒட்டுக்கன்று இல்லாவிட்டால் நாங்கள் எழுந்தே இருக்க மாட்டோம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அது கையில் வாங்கி நட்ட பொருள். குறிப்பேட்டோடு வந்து போனவர்கள் வேறு ஜாதி.


சும்மா_எட்டிப்பார்த்தவன் · ஜூலை 12, இரவு 10.31

மழை அன்றைக்கும் பெய்தது, இன்றைக்கும் பெய்கிறது. கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை, கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை என்று நம் ஆட்கள் ஆராய்ச்சி பண்ணாமலா சொன்னார்கள்?


கடைமடை · ஜூலை 13, காலை 5.50

தம்பி, அந்தப் பழமொழியை நம்பித்தான் நாங்கள் தை மாத அறுவடைக்கு நாள் குறிக்கிறோம். 2021 ஜனவரியில் கதிர் வயலிலேயே முளைத்தது. 2023 பிப்ரவரி முதல் வாரம் அறுக்கிற நேரத்தில் மழை, கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் எடுக்க மாட்டோம் என்று நிறுத்திவிட்டார்கள். 2024 பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மறுபடியும். கார்த்திகை எப்போது முடிகிறது என்று மழைக்கு யாராவது சொன்னால் தேவலை.


ஆய்வுக்கூட_எலி · ஜூலை 13, மதியம் 1.15

வணக்கம் ஐயா. நான் புதுச்சேரியில் வேளாண் வானிலையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். உங்களிடம் வந்த குழு நான் இல்லை. ஆனால் எங்கள் இனத்தைத் திட்டுகிறீர்கள், அதனால் வாய் திறக்கிறேன்.

முந்திரித்தோப்பு அண்ணன் சொன்னது உண்மை. அதற்குக் காரணம் கெட்ட எண்ணம் இல்லை, பணம் ஒதுக்குகிற முறை. ஒரு திட்டம் என்றால் மூன்று வருடம். முதல் வருடம் கருவி வாங்கும் கோப்பு நகர்வதிலேயே போய்விடும். இரண்டாம் வருடம் வயல். மூன்றாம் வருடம் கட்டுரை எழுதி, ஆங்கில இதழில் போட்டு, பட்டம் வாங்கி, அடுத்த வேலை தேடி ஓட வேண்டும். "ஊருக்குத் திரும்பப் போய் முடிவைச் சொல்ல" என்று பட்ஜெட்டில் ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை. என் முதல் ஊருக்கு நானும் திரும்பப் போகவில்லை. இங்கே பெயர் தெரியாததால் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் அந்தக் குழாய் ஏன் வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். உலகப் பருவநிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாக வெட்டிக் கணக்குப் போடுகின்றன. பெரும்பாலான மாதிரிகளில் ஒரு கட்டம் சுமார் நூறு கிலோமீட்டர் அகலம். சிதம்பரமும் விழுப்புரமும் பாதிக் கடலும் ஒரே கட்டத்துக்குள் விழும், மூன்றுக்கும் ஒரே மழை. இந்திய வானிலைத் துறையின் மழைக் கட்டமே கால் டிகிரி, அதாவது ஏறக்குறைய 27 கிலோமீட்டர். உங்கள் வாய்க்காலும் உப்பனாறும் அதில் தூசுகூட இல்லை. மழை இவ்வளவு மாறும், கடல் இவ்வளவு உயரும் என்று மாதிரி சொல்லும். உங்கள் மூன்று காணியில் உப்பு எந்த மாதம் எத்தனை அடியில் நிற்கிறது என்பதை அங்கேயே அளந்தால்தான் உண்டு.

நெடுநாள் அளவுக்கு என்ன மதிப்பு என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1979 முதல் 2003 வரை ஒரே பண்ணையில் தினமும் வெப்பத்தைக் குறித்து வைத்தார்கள். கோடைப் பட்டத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் பத்து சதவீதம் குறைகிறது என்று 2004இல் அதிலிருந்துதான் தெரிந்தது. பகல் வெயிலைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பயிரைக் குறைத்தது ராத்திரிப் புழுக்கம். இருபத்தைந்து வருடம் யாரோ ஒருவர் சலிக்காமல் எழுதியதால் வந்த விடை அது.

என் யோசனை, இடம் கொடுங்கள், ஆனால் சும்மா கொடுக்காதீர்கள். அளவு எழுதும் நோட்டின் ஒரு பிரதி உங்களிடமே இருக்க வேண்டும், அதுவும் தமிழில். வெளியில் எதுவும் போகும் முன் ஊரில் ஒரு நாள் உட்கார்ந்து பேச வேண்டும். முடிந்ததும் குழாயை மூடிப் போட்டோ பிடுங்கியோ போக வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். அந்தப் பெண் உண்மையானவள் என்றால் மறுக்க மாட்டாள். அவளுடைய நெறியாளர் கொஞ்சம் முனகுவார்.


பாகூர்_ஏரிக்கரை · ஜூலை 13, மாலை 6.40

நான் இடம் கொடுத்தவன், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். பிரெஞ்சுக்காரன் காலத்தில் குழாய் இறக்கினால் தண்ணீர் தானாகப் பொங்குமாம், தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது போர்க் கிணற்று ஆழம் கேட்டால் தலை சுற்றும். கடலோரப் பக்கம் சில போர்களில் உப்பு ஏறிவிட்டது. ஐரோப்பிய ஒன்றிய நிதியில் 84 ஏரிகளைச் சீர்செய்து ஊருக்கு ஊர் சங்கம் வைத்தார்கள். நடந்த வரைக்கும் நன்றாக நடந்தது. பணம் நின்றதும் உபரி நீர் வழியும் கலிங்கலில் மறுபடி நெய்வேலிக் காட்டாமணக்கு முளைத்தது, அது வேறு கதை.

என்னிடம் ஒரு மாணவன் உப்பை அளக்கும் ஈசி மீட்டர் கொடுத்து மோட்டார் தண்ணீரை அளக்கச் சொன்னான். நெல்லுக்கு மண்ணில் ஈசி 3க்கு மேல் போனால் விளைச்சல் அடிவாங்கத் தொடங்கும் என்றான். ஒரு வருடம் எழுதினேன். மாசியில் சும்மா இருந்த தண்ணீர் சித்திரையில் கிடுகிடுவென ஏறியது. நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரியவில்லை, மீட்டருக்குத் தெரிந்தது. அந்த வருடம் சொர்ணவாரிப் பட்ட நெல் நடவை விட்டுவிட்டுத் தழை உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதேன். பக்கத்து நிலத்துக்காரர் நட்டார். பயிர் நுனி கருகி நின்றதைப் பார்த்து வருத்தமாகத்தான் இருந்தது.

அவன் ஆராய்ச்சி என்ன ஆனதோ தெரியாது. மீட்டரை மட்டும் நான் திருப்பித் தரவில்லை.


நிலத்தடி · ஜூலை 13, இரவு 8.20

நீர்வளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாகூர்க்காரர் சித்திரையில் கண்டதற்குக் கணக்கு உண்டு.

நல்ல தண்ணீர் கடல்நீரைவிட எடை குறைவு, அதனால் உப்புநீருக்கு மேல் மிதக்கிறது. மணற்பாங்கான கடலோரத்தில் பழைய கணக்கு ஒன்று சொல்வோம். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பதடி வரை உப்பு அண்டாது. அந்த ஒரு அடியை மோட்டார் போட்டு இறைத்துவிட்டால் அடியில் நாற்பதடி உப்பு மேலே ஏறி வரும். உடனே வராது, மெதுவாக வரும். போகும்போதும் மெதுவாகத்தான் போகும்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் மேலே வண்டல், கீழே கடலூர் மணற்கல் என்று அடுக்கடுக்காக இருப்பதால் இடத்துக்கு இடம் வேறுபடும். இருபதடிக் குழாய் மேல் அடுக்கை மட்டும்தான் காட்டும். ஆழ்துளைக்கும் இதுதான் நிலைமை என்று நினைத்துவிடாதீர்கள். மாணவியிடம் இதைக் கேளுங்கள், பதில் சொல்லத் தெரிந்தால் நல்ல மாணவி.


விதைநெல் · ஜூலை 13, இரவு 9.05

குழாய் கிடக்கட்டும். மூழ்கினாலும் சாகாத ரகம் இருக்கிறதே, சிஆர் 1009 சப் 1? அதைப் போட்டால் முடிந்தது.


கடைமடை · ஜூலை 13, இரவு 9.48

போட்டிருக்கிறேன். நல்ல ரகம், குறை சொல்ல மாட்டேன். தண்ணீருக்குள் பத்து நாள் கிடந்து பிழைத்து வந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் 155 நாள் பயிர். ஆவணிக் கடைசியில் விதைத்தால் தை மாசிக்குப் போகிறது, அந்த மழை அங்கே காத்திருக்கிறது.


ஆய்வுக்கூட_எலி · ஜூலை 13, இரவு 10.10

ஐயா சொல்வது சரி. அந்தக் குணம் ஒடிசாவின் பழைய ரகம் ஒன்றிலிருந்து வந்தது, எஃப்ஆர் 13 ஏ என்று பெயர். மரபணு எது என்று 2006இல் கண்டுபிடித்தார்கள். முழுக்க மூழ்கினால் பயிர் வளர்ச்சியை நிறுத்தி மூச்சடக்கிக் கிடக்கும், இரண்டு வாரம் தாங்கும். பூக்கிற சமயத்தில் மூழ்கினால் அதாலும் ஒன்றும் செய்ய முடியாது. அரையடி, ஒரு அடித் தண்ணீர் மாதக்கணக்கில் வடியாமல் நிற்பது வேறு நோய், உப்பு வேறு நோய். கடைமடையில் மூன்றும் ஒன்றாக வரும்.


ஓய்வு_லஸ்கர் · ஜூலை 14, காலை 6.25

பேரன் படித்துக் காட்டினான், நான் சொல்லச் சொல்ல அவனே எழுதுகிறான்.

சிதம்பரம் பக்கம் வாய்க்காலில் முப்பது வருடம் லஸ்கராக, அதாவது ஷட்டர் திறந்து மூடுகிற ஆளாக, இருந்தேன். எத்தனையோ ஆராய்ச்சிக்காரர்கள் ஜீப்பில் போனார்கள். ஷட்டர் பக்கத்தில் நிற்கிறவனிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கொள்ளிடத்துக் கீழணையில் தண்ணீர் வரும், வடவாறு வழியாக வீராணத்துக்குப் போகும். ஏரியின் முழு நீர்மட்டம் 47.5 அடி. மழைக் காலத்தில் அந்த அளவுக்கு வைக்கப் பயப்படுவோம். சென்னைக்கும் குழாயில் போக வேண்டும், உடைப்பும் வரக் கூடாது. மேலே மழை பெய்தால் வெள்ளியங்கால் ஓடையில் திறந்துவிடுவோம், குமராட்சிப் பக்கம் ஜனங்கள் எங்களைத் திட்டுவார்கள். திட்டுவது நியாயம்தான். கிழக்கே பாசிமுத்தான் ஓடை, கான்சாகிப் எல்லாம் வடிய வேண்டும். எங்கே வடியும்? கடலில்தானே. கடல் வாங்கினால்தானே?

அமாவாசை, பௌர்ணமிக்கு ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறும். அன்றைக்கு வடிகால் வாயில் தண்ணீர் அசையாது, சில இடத்தில் திரும்பி வரும். அஷ்டமி நவமியில் அதே மழை பெய்தால் இரண்டு நாளில் வடிந்துவிடும். எங்கள் மேஸ்திரி நவம்பரில் மழைச் செய்தி வந்ததும் முதலில் நாட்காட்டியில் திதியைத்தான் பார்ப்பார். புயல் வந்தால் காற்று வேறு கடலைத் தூக்கி நிறுத்தும்.

இதையெல்லாம் கேஜ் புத்தகத்தில் தினம் மூன்று வேளை எழுதினோம். எத்தனை அடி, எந்த ஷட்டர், எத்தனை திருகு. அந்தப் புத்தகங்கள் எங்கே என்று எனக்குத் தெரியும். கடைசியாகப் பார்த்தபோது பாதியைக் கரையான் தின்றிருந்தது.

தம்பி, குழாய் போடட்டும். நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் திதியும் எழுதச் சொல்லு.


ஆய்வுக்கூட_எலி · ஜூலை 14, காலை 9.30

ஐயா, உங்களை நேரில் பார்க்க வேண்டும். நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் மூன்றடிக்குள்தான், அதனால் பல கணக்குகளில் அதைச் சிறியது என்று ஒதுக்கிவிடுகிறோம். தட்டை நிலத்தில் அரையடியே எவ்வளவு தூரம் தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. கடல் மட்டம் கொஞ்சம் உயர்ந்தாலும் அப்போது நஷ்டம் வடிகாலில்தான் முதலில் தெரியும்.


முந்திரித்தோப்பு · ஜூலை 14, மதியம் 12.05

பார்த்தீர்களா, பதில் ஊரிலேயே இருக்கிறது. வடிகாலை ஆழமாகத் தூர் வாரினால் தீர்ந்தது. இதற்கு இரண்டு வருடம் குழாய் அளப்பானேன்?


கடைமடை · ஜூலை 14, இரவு 8.15

வாரினார்களே. ஒரு வருடம் பொக்லைன் விட்டு நன்றாக ஆழப்படுத்தினார்கள், ஊரே சந்தோஷப்பட்டது. மழைத் தண்ணீர் சீக்கிரம் போனது. பங்குனி வந்ததும் அதே பள்ளத்தில் கடல்தண்ணீர் உள்ளே ஏறி வந்தது, முன்பு எட்டாத இடத்துக்கெல்லாம். மாடு வாய்க்காலில் வாய் வைக்கவில்லை. வெளியே விடவும் உள்ளே வராமல் தடுக்கவும் கடைசியில் ஒரு கதவு வேண்டும். அதை எந்த இடத்தில் வைப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு இடம் காட்டுகிறார்கள். மேலே வைத்தால் கீழே இருப்பவன் போச்சு, கீழே வைத்தால் மீன்பிடிக்கிறவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, உப்புத் தண்ணீர் வந்தால்தான் இறால்.

லஸ்கர் ஐயா சொன்னதைப் படித்த பிறகுதான் தோன்றியது. கதவு எங்கே என்று பேசப் போகும்போது கையில் ஒரு நோட்டு இருந்தால் நன்றாக இருக்கும்.

இன்னொன்று. இந்த அளவைக் காட்டிப் பயிர்க் காப்பீடு கேட்க முடியுமா?


நிலத்தடி · ஜூலை 14, இரவு 9.00

முடியாது. நெல்லுக்கு வருவாய்க் கிராமம்தான் அலகு. கிராமத்தில் சில வயல்களில் அறுவடைப் பரிசோதனை செய்து சராசரி எடுப்பார்கள். உங்கள் வயல் மட்டும் உப்பில் போனாலும் சராசரி நன்றாக இருந்தால் ஒன்றும் வராது. அந்த ஆசையில் குழாய் போடாதீர்கள்.


கடைமடை · ஆகஸ்ட் 24, இரவு 7.30

குழாய் இறக்கியாயிற்று.

நிபந்தனைகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். மாணவி படித்துவிட்டு உடனே கையெழுத்துப் போட்டாள். நெறியாளர் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார், "வெளியிடும் முன் ஊரில் கூட்டம்" என்ற வரியில் "இயன்றால்" என்று சேர்த்தார், அந்தச் சொல்லை நான் அடித்தேன், விட்டுவிட்டார். நிலத்தடி ஐயாவின் கேள்வியையும் கேட்டேன். "மேல் அடுக்குதான் எங்களுக்கு வேண்டும், நெல் வேர் அதைத்தானே பார்க்கும்" என்றாள். சரியான பதிலா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

நோட்டில் ஐந்து பத்தி போட்டிருக்கிறோம். தேதி, திதி, நீர்மட்டம், உப்பு, வாய்க்காலில் தண்ணீர் உண்டா இல்லையா. திதிப் பத்தியைப் பார்த்து அந்தப் பையன் சிரித்தான், மாணவி சிரிக்கவில்லை.

லஸ்கர் ஐயா பேரனோடு பஸ் ஏறி வந்துவிட்டார். குழாய் வாயைப் பார்த்து, தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தச் சொன்னார். மழைத் தண்ணீர் நேராக உள்ளே விழுந்தால் உப்புக் குறைந்த மாதிரி பொய் காட்டுமாம். மறுநாளே உயர்த்தினோம். உயர்த்திய மூடியை அடுத்த வாரம் பக்கத்து வீட்டு எருமை முட்டித் தள்ளியது, இப்போது முள் வைத்துக் கட்டியிருக்கிறேன்.


நிலத்தடி · ஆகஸ்ட் 24, இரவு 9.12

சரியான பதில்தான்.


முந்திரித்தோப்பு · ஆகஸ்ட் 25, காலை 7.00

நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டு வருடம் கழித்து அந்தப் பெண் கூட்டத்துக்கு வந்தாளா என்று இங்கேயே எழுதுங்கள், அப்போது பார்க்கலாம். எங்கள் ஊருக்கு யாராவது வந்தால் கவாத்தைப் பற்றி முதலில் நான் கேள்வி கேட்கிறேன், பிறகு அவர்கள் கேட்கட்டும்.


கடைமடை · செப்டம்பர் 20, மாலை 5.20

நாளை மகாளய அமாவாசை. ஓதத்தோடு அளவு எடுக்கச் சொல்லியிருக்கிறாள் மாணவி, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இன்றைக்கு மீட்டரைத் தட்டினால் உயிர் இல்லை, உள்ளே சின்னப் பொத்தான் பேட்டரி நான்கு இருக்கிறது. சிதம்பரத்தில் எங்கே கிடைக்கும்? நாளை ஞாயிற்றுக்கிழமை வேறு.


பாகூர்_ஏரிக்கரை · செப்டம்பர் 20, மாலை 5.41

கைக்கடிகாரம் பழுது பார்க்கிற கடையில் கேளுங்கள், இன்றைக்கே போங்கள். எட்டாக வாங்கி வையுங்கள், மழை நேரத்தில் சீக்கிரம் போய்விடும்.